கழிவு

மேலப்பாளையம் மைதீன் பாத்துவுக்குப்
பித்தப்பையில் கல்.
வண்ணார்பேட்டை ஆஸ்பத்திரியில்
காப்பீட்டு மேசை என்னுடையது.

போன மாதம்வரை
அட்டையைக் காட்டினால் கட்டில்.
இந்த மாதம் முதல்
எந்த டாக்டர், எத்தனை நாள், எந்த ஊசி,
எல்லாவற்றையும் கம்பெனியில்
முகம் தெரியாத ஒருவர் ஒப்புக்கொள்ள வேண்டும்.
நெறிப்படுத்திய பராமரிப்பு என்கிறது சுற்றறிக்கை.
நாலாக மடித்து
கண்ணாடிக்கு அடியில் வைத்திருக்கிறேன்.

ஸ்கேனை ஏற்றினேன்.
திரையில் வட்டம் சுற்றியது, சுற்றியது.
துப்பட்டிக்குள் அவள் விரல்கள்
இல்லாத இலையைச் சுருட்டிக்கொண்டிருந்தன.
நகக்கண்ணில் புகையிலைத் தூள்.

நாலே முக்காலுக்குப் பதில்:
இப்போதைக்கு மாத்திரை போதும்.
ஆறு வாரம் கழித்து மறுபடி விண்ணப்பிக்கவும்.

எப்படிச் சொல்வதென்று
ஒரு நல்ல வார்த்தை தேடுவதற்குள்
அவளே கேட்டாள்:
"கழிச்சிட்டாவளா?"

பீடிக்கடையில் செக்கர் கழிக்கிற கட்டு
கைக்குத் திரும்பாதாம்.
கூலியும் இல்லையாம், பீடியும் இல்லையாம்.

"கல்லையாவது
எங்கிட்டயே விட்டுட்டாவளே"

அட்டையை வாங்கிப்
பீடி பாஸ்புத்தகத்துக்குள் செருகினாள்.
வலப்பக்கம் ஒரு கையால் பிடித்தபடி
ரவுண்டானா பஸ் எங்கே நிற்கும் என்றாள்.
அதற்கு மட்டும்
யாரையும் கேட்காமல் பதில் சொன்னேன்.