வலிக்காத புண்

வலிக்காத புண்ணுக்கு
அரைப்பேர் இழந்து யார் வருவார்?
சிவபாக்கியம் வந்தது எட்டு மாதம் கழித்து,
கன்னத்தில் ஐந்து ரூபாய்க் குற்றி அளவு
சிவந்த மேட்டோடு.

விளிம்பைச் சுரண்டிக்
கண்ணாடித் தட்டில் தேய்த்தேன்.
விலாசம்: கொஸ்லந்தை, மேற்பிரிவு,
நாலாம் லயம்.

அதே கிழமை வெல்லவாயாவிலிருந்து ஒரு புண்,
பண்டாரவளையிலிருந்து இரண்டு.
மலையிறங்கும் ஒரே பஸ் பாதைதான்.
ஒட்டுண்ணியின் எழுத்துகளிலோ
மேலூருக்கும் கீழூருக்கும்
பதினொரு இடத்தில் பிழை.
பிழையென்று எழுதி, அடித்து,
வேறுபாடு என்று திருத்தினேன்.
அதற்கு எது சரியென்று
எனக்கென்ன தெரியும்?

சிவபாக்கியத்தினுடையது
இரண்டோடும் ஒட்டவில்லை.
ஓடைக்கு அப்பால்
மிளகு நட்டிருக்கும் பியசீலியின்
முழங்கைப் புண்ணோடு
எழுத்துக்கு எழுத்து ஒன்று.

அவரைத் தெரியுமா என்று கேட்டேன்.
"அக்கரை ஆளுங்களோட
நமக்கு என்னா பேச்சு, மிஸ்ஸி?"

கொசுவில் கால்வாசி இருக்கும்
அந்த மணல் ஈ.
ரீங்காரம்கூடக் கிடையாது.
மாலை ஆறரைக்கு ஓடையைத் தாண்டும்,
விடியுமுன் திரும்பும்.

படிவத்தில்
'நோயாளிகளுக்கிடையே தொடர்பு' என்றொரு கட்டம்.
பேனாவை மூடிவிட்டு
அடுத்த தட்டை எடுத்தேன்.