நான்காவது பல்

அத்-பஷிப் பள்ளத்தாக்கில் பனி விழுந்துகொண்டிருந்தது.
ஆட்டுடலுக்காக முட்டிக்கொண்ட இரண்டு குதிரைகள்;
ஒன்றின் நெற்றி எமில்பெக்கின் வாயில்.
நான் வண்டியைத் திருப்பி நிறுத்துவதற்குள்
அவனை மல்லாக்கக் கிடத்தியிருந்தார்கள்,
அக்கறையாக,
தலைக்கடியில் ஒரு கோட்டை மடித்து வைத்து.

அவன் தொண்டைக்குள்
உலை கொதிக்கிற சத்தம்.

புருல்சா ஓடவில்லை. அவள் ஓடி நான் பார்த்ததில்லை.
வந்தாள், மண்டியிட்டாள்,
கழுத்தைத் தடவினாள், விரல்களை அசைக்கச் சொன்னாள்.
அசைத்தான்.
"தூக்கி உட்கார வையுங்கள். முன்னால் குனியட்டும்.
விழுங்க வேண்டாம், எல்லாம் வெளியே விழட்டும்."
தலையை என் இரு கைகளுக்குள் கொடுத்தாள்.
அடுப்பிலிருந்து பானை இறக்குகிறவனைப் போலப் பிடித்துக்கொண்டேன்.

பனியில் ஒரு சிவப்புக் கயிறு இறங்கியது.
அதன் பிறகு மூச்சு,
கரகரப்பாக. ஆனாலும் மூச்சு.

கீழ்த்தாடை தன் இடத்தைவிட்டு
ஒரு விரற்கடை நகர்ந்திருந்தது.
டார்ச் அடித்து எண்ணினாள், கடைக்காரி சில்லறை எண்ணுவதுபோல.
நாலு குறைகிறது.
"தேடுங்கள்" என்றாள்.

அறுபது ஆண்கள்
பரிசுக் காளையை மறந்துவிட்டு
நாலு காலில் ஊர்ந்தார்கள்.
வெள்ளையில் வெள்ளையைத் தேடிப் பார்த்திருக்கிறீர்களா?

ஒன்று குளம்புத் தடத்தில் கிடைத்தது.
ஒன்று சேணக் கம்பளியில் குத்தி நின்றது.
மூன்றாவதைக் கண்டெடுத்தவன் திலெபால்டி.
மோதிய குதிரை அவனுடையது.
எடுத்தவன் அதைச் சட்டைக் கையில் வைத்துத்
தேய்க்கத் தொடங்கினான்.

"தேய்க்காதே!"
அன்றைக்கு அவள் குரல் உயர்ந்தது அந்த ஒரு தடவைதான்.
"வேரைத் தொடாதே. சிரிக்கிற பக்கத்தைப் பிடி."

யாரோ அய்ரான் நீட்டினார்கள். புளித்தது, ஆகாது.
பக்கத்து வீட்டுக்காரி தேநீருக்கு வைத்திருந்த பாலைக்
கோப்பையோடு கொண்டுவந்தாள்.
மூன்றும் அதற்குள் மூழ்கின, சத்தமில்லாமல்.
"இப்போதே வாயில் பொருத்தினால் என்ன?" என்று கேட்டேன்.
எப்போதோ அவள்தான் சொல்லித் தந்திருந்தாள்,
நேரம் போனால் பல்லும் போகும் என்று.
"ஆடுகிற சுவரில் ஆணி அடிப்பாயா?"

நாரினுக்கு முக்கால் மணி நேரம், கணவாயில் சறுக்காவிட்டால்.
திலெபால்டி கேட்காமலே ஏறினான்.
அவனை ஒரு நொடி பார்த்தாள்.
கோப்பையை அவன் கையில் வைத்தாள்.

ஒவ்வொரு பள்ளத்துக்கும் அவன் கோப்பையை
மார்போடு அணைத்து உயர்த்துவது கண்ணாடியில் தெரிந்தது.
நான் என் ஆயுளில் அத்தனை மெதுவாக
அத்தனை வேகமாக ஓட்டியதில்லை.

எமில்பெக்கால் பேச முடியவில்லை.
கிண்ணத்தின் மேல் குனிந்தபடி
நாலு விரலைக் காட்டினான்.
பிறகு ஒன்றை மடக்கினான்.

"தெரியும்" என்றாள்.
ஸ்டெதஸ்கோப்பை முதுகின் வலப்பக்கம் வைத்தாள். இடப்பக்கம்.
மறுபடி வலப்பக்கம்.
வழக்கமாக ஏதாவது முனகிக்கொண்டே வருவாள்.
அன்றைக்கு முனகவில்லை.

எக்ஸ்-ரேயில் நெஞ்சு சுத்தம். வயிறும்.
உதட்டைக் கிளறிப் பார்த்தார்கள், அங்கேயும் இல்லை.
தாடைக்குக் கம்பி கட்டி
மூன்றையும் நட்டார்கள்.
இரண்டு பிடித்துக்கொண்டன. ஒன்று
சாம்பல் நிறத்தில் இருக்கிறது, இன்னும் இருக்கிறது.
கோப்பையைத் திருப்பிக் கொடுக்கப் போன திலெபால்டியை
அந்த வீட்டுக்காரி சாப்பிடாமல் அனுப்பவில்லையாம்.

மே மாதம் பனி கரைந்தது.
அந்த வழியே போகும்போதெல்லாம்
என் கால் தானாக பிரேக்குக்குப் போகிறது.
புருல்சா ஏன் என்று கேட்பதில்லை.
அவள் பக்கத்து ஜன்னல் இறங்குகிறது.

அந்த நிலத்தில்
வெள்ளைக் கூழாங்கற்கள் அதிகம்.