விளிம்பு

பெண்டிகோ ஞாயிற்றுச் சந்தையில்
ஐஸ்கிரீம் டப்பா ஒன்றுக்குள்
பூட்டில்லாத சாவிகளோடும் ஒற்றைக் காதணியோடும் கிடந்தது.
ஒரு பக்கம் அரசர் தலை.
மறுபக்கம் உடுப்பில்லாத குதிரைக்காரன்.
நாடா இல்லை. நாற்பது டாலர்.
"பேர் மாத்தின பதக்கம்" என்றார் விற்றவர்,
மறைக்கவில்லை.
"சேகரிக்கிறவன் எவனும் தொடமாட்டான்."

நான் தொட்டேன்.

நான் பல் செய்கிறவன்.
ஆஸ்பத்திரிக்குப் பின்னால் ஜன்னலில்லாத கூடத்தில்
யாரோ கடிக்கப்போகும் கடைவாய்ப் பற்களை
மயிரிழை மயிரிழையாய்த் தேய்க்கிறவன்.
இந்த வெள்ளி முப்பத்தாறு மில்லிமீட்டர் இருக்கவேண்டும்.
காலிப்பர் முப்பத்தைந்தரை என்றது.
அரம் தின்ற அந்த அரையில்
ஓர் ஆள் போயிருக்கிறான்.

அவன் போன இடத்தில்
ஆணியால் குத்திக் குத்தி: பி. ட்ரெவாஸ்கிஸ்.
கடைசி எஸ் மட்டும்
கண்ணாடிக்குள் இருந்து பார்ப்பதுபோல் திரும்பி நின்றது.

ட்ரெவாஸ்கிஸைப் பிடிப்பது சுலபம்.
தங்கம் தோண்ட வந்த குடும்பம்,
கல்லறையில் ஒரு வரிசை முழுக்க அவர்கள்தான்.
காப்பகத்தில் பெர்சியின் கோப்பு முப்பத்தெட்டுப் பக்கம்:
அம்மைத் தழும்பு இடது கையில் இரண்டு,
சொல்லாமல் போன இரண்டு நாளுக்கு அபராதம்,
வலது தொடையில் இரும்புத் துண்டு, எடுக்கப்படவில்லை.
பதக்கம் பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்து.
அதில் எஸ் நேராகத்தான் இருந்தது.

ஈகிள்ஹாக்கில் பேத்தி மோரீன்
தண்ணீர்க் குழாயைக் கீழே போடாமலே வாங்கிப் பார்த்தாள்.
"முப்பத்தொண்ணுல அடகு வெச்சார். பிள்ளைகளுக்கு பூட்ஸ், நாலு ஜோடி.
மீட்கப் போனா அவரோடது இல்ல, இது இருந்துது.
ஏப்ரல்ல வெறும் நெஞ்சோட எப்படி நடக்கிறது?
கை நடுங்கும் அவருக்கு. குத்தினது எங்கம்மா.
ஏழு வயசு. எஸ்ஸை அப்படித்தான் போடுவா,
சாகிறவரைக்கும் சில சமயம்."

குழாய் ரோஜாவை விட்டு நடைபாதையை நனைத்துக்கொண்டிருந்தது.
"அப்ப இது அவரோடது இல்லையா?"
எனக்குத் தெரிந்த இரண்டு பதிலும் உண்மை.
இரண்டையும் சொல்லவில்லை.
என் உள்ளங்கையில் வைத்து விரல்களை மூடினாள்:
"மத்தவனைத் தேடு."

சாய்ந்த வெளிச்சத்தில்
மாலை ஐந்து மணிக்கு மட்டும் தெரிகிறது:
ஒரு நாலு, ஒரு ஏழு,
'னர்' என்று முடியும் ஒரு வால்.
டானர் இல்லை, அவன் பதக்கம் அம்மாவோடு புதைந்தது.
கார்ட்னர் இல்லை,
பேரன் அனுப்பிய படத்தில் சுவரில் தொங்குகிறது,
பக்கத்தில் மீன் பிடித்ததற்கான கோப்பை.

"குருபாதம், டீ?" என்கிறார்கள் கூடத்தில்.
பாஸ்போர்ட்டில் பின்னால் போய் ஒட்டிக்கொண்டது அப்பாவின் பெயர்.
தூத்துக்குடி உப்பளத்தில் மூட்டைக் கணக்கு எழுதிய
குருபாதம் கடல் தாண்டியதே இல்லை.
நான் திரும்பிப் பார்க்கிறேன்.
டீயும் குடிக்கிறேன்.

மோரீன் நாடா வாங்கித் தைத்திருக்கிறாள்,
ஆரஞ்சு, வெள்ளை, கறுப்பு, நீலம்.
ஏப்ரலில் ஒரு காலைக்கு மட்டும் இரவல் வேண்டுமாம்.
கொடுப்பேன்.
துடைக்காதே என்று மட்டும் சொல்லவேண்டும்,
துடைத்தால் அந்த நாலு போய்விடும்.

ஸ்கின்னர் பாக்கி.
டர்னர்கள் பதினொரு பேர் பாக்கி.