மூன்று கோடுகள்

பாவித்த கார். நீலம்.
திரையில் ஓடும் யப்பான் எழுத்து எங்களுக்கு வாசிக்கத் தெரியாது;
எண் மட்டும் விளங்கும்.

திங்கள் காலை நூறு வீதம்: 118 கிலோமீற்றர்.
செவ்வாய் காலையும் நூறு வீதம்தான்: 91.
அதே சுவர், அதே வயர், அதே மின்சாரசபைக் கரண்ட்.
இருபத்தேழு கிலோமீற்றரை யார் தின்றது?

கிண்ணியாவிலிருந்து வந்த றிஸ்மி
பொனெற்றைத் திறக்கவேயில்லை.
"பெற்றோல் எண்டா குச்சி விட்டுப் பாக்கலாம் அக்கா.
இதுக்குள்ள எட்டிப்பாக்க ஒண்டுமில்ல.
போனதையும் வந்ததையும்
அது தண்ட பாட்டுல கூட்டிக் கழிக்குது.
சில்லறை பிழைக்கும்,
சில்லறை சேந்தா நோட்டுப் பிழைக்கும்.
கிலோமீற்றர் வேற கதை.
அது வரப்போற றோட்டைக் காட்டல்ல,
கடைசியா மிதிச்ச காலைக் காட்டுது."

கடைசியாக மிதித்த கால்
வாசலில் செருப்போடு நின்றது.
சாம்பல்தீவு மட்டும் போய் வந்ததாகச் சொன்ன கால்.
"கந்தளாய் றோட்டில ஒருக்கா,
சும்மா, எவ்வளவு இழுக்குமெண்டு..."
ஐம்பத்திரண்டு வயது.
நான் சிரித்துவிட்டேன், றிஸ்மி சிரிக்காமல் இருக்க
பெரும்பாடு பட்டான்.

வெள்ளி, திரியாயில் தடுப்பூசிக் கிளினிக்.
புறப்படும்போது 104.
கச்சான் முதுகில் கைவைத்துத் தள்ளியது;
நாற்பத்தைந்து ஓடி இறங்கினால் இன்னும் 66.
லாபம் என்று நினைத்தேன்.

திரும்பும்போது அதே கச்சான் முகத்தில்.
மரியசெல்வி கழுத்தைத் துடைத்துக்கொண்டு
ஏசியைக் கூட்டினாள்.
குச்சவெளியில் 41.
இறக்கக்கண்டிப் பாலத்தில் 15.
றோட்டில் ஒன்று போக
திரையில் இரண்டு போனது.
நிலாவெளி உப்பளத்தருகே
எண்ணே போய்விட்டது.
அதன் இடத்தில்
— — —
தெரியாது என்பதற்கு
யப்பானிலும் இதுதான் எழுத்து போலும்.

ஏசியை நிறுத்தினோம். கண்ணாடிகளை இறக்கினோம்.
முப்பதில் உருண்டோம்.
உப்புவெளியில் ஒரு சைக்கிள் எங்களை முந்தியது,
திரும்பிப் பார்த்து மணியும் அடித்தது.
மரியசெல்வி செபம் சொன்னாளா, ஏசினாளா,
காற்றில் கேட்கவில்லை.
உவர்மலை ஏற்றத்தில் நான் மூச்சை அடக்கினேன்,
என் மூச்சுக்கும் கரண்ட் போகிறது என்பதுபோல.

கேற்றில் அவர்,
கையில் வயரோடு,
ஒன்றும் கேட்காமல்.

சனி காலை நூறு வீதம்: 136.
சைக்கிளுக்கு வழிவிட்ட காலுக்கு
அது போட்ட புள்ளி.
நம்பவில்லை.
எண்பதை எனக்கு எடுத்துக்கொண்டு
மிச்சத்தைக் கச்சானின் பெயரில்
எழுதிவைத்தேன்.