இரண்டு லைன்

ஈக்காட்டுத்தாங்கல், மூன்றாவது மாடி.
ரௌட்டரின் முதுகில் நீல வயர் ஒரு கம்பெனி,
மஞ்சள் இன்னொன்று.
நூறும் ஐம்பதும் நூற்றைம்பது என்று சொல்லித்தான்
முதலாளியிடம் கையெழுத்து வாங்கினேன்.
கூட்டல் அப்படியில்லை என்று
இன்னும் சொல்லவில்லை.

இரண்டு கவுன்ட்டர் திறந்தாலும்
ஒரு ஆள் ஒரு வரிசையில்தானே நிற்க முடியும்.

முதல் நாளே அக்கவுன்ட்ஸ் ஷெரீனா வந்தாள்:
"பேங்க் என்னை வெளிய தள்ளுது சார்."
நீலத்தில் நுழைந்து
மஞ்சளில் பணம் அனுப்பப் பார்த்திருக்கிறாள்.
நடுவழியில் விலாசம் மாறுகிற ஆளை
எந்த வங்கி நம்பும்?
அவளை மட்டும் நீலத்தோடு முடிச்சுப் போட்டேன்.

ஒன்று போனால் இன்னொன்று இருக்கும்,
அந்த தைரியத்தில் ஏழு மாதம்.

ஜிஎஸ்டி கடைசி நாள், மாலை ஐந்தே கால்.
இரண்டு விளக்கும் சேர்ந்து சிவந்தன.

கீழே இறங்கி ஓடினேன்.
தெருமுனைப் பள்ளத்தில்
ஜேசிபியின் பல்லில் தொங்கியது குழாய்.
உள்ளே இரண்டு கேபிள்.
நீலமில்லை, மஞ்சளில்லை,
இரண்டுமே கறுப்பு.
மாதம் இரண்டு பில்,
இரண்டு கஸ்டமர் கேர்,
படுத்திருந்தது ஒரே குழிக்குள்.

"நம்மளுதா சார்?" என்றார்
டிரைவர் தணிகைவேலு,
வண்டியை அணைத்துவிட்டு.

மண்மேட்டில் லேப்டாப்போடு உட்கார்ந்தாள் ஷெரீனா.
அவர் போனில் ஹாட்ஸ்பாட்,
பெயர் 'கிருத்திகா பாப்பா'.
பாஸ்வேர்டு சொல்லவந்தவர்
சற்றே நிறுத்திக் கேட்டார்:
"எவ்ளோ எம்பி ஆவும்?"