பிடித்தம் போக

அட்டன், பிரதான வீதி, இரண்டாம் மாடி.
கீழே பேக்கரி. மேலே நாங்கள்:
ஒரு கணினி, ஒரு லேசர் மெஷின்,
மழைக்காலத்தில் ஈரம் குடித்து
நெளிந்துகொள்ளும் காகிதக் கட்டுகள்.

மருதவீரன் ஒரு கையில் போனும்
மறு கையில் நான் அடித்துக் கொடுத்த நோட்டீசுமாக
இரண்டு ஜாதகம் பொருத்துகிறவர் மாதிரி நிற்கிறார்.

'தங்கச்சி, இது எங்க பச்சை இல்ல.'

மகள் திலோஷனா
நோர்வூட்டில் தையல் கடை திறக்கிறாள்.
அவளே தைத்த கிளிப்பச்சை ப்ளவுஸ்
போனுக்குள் எரிகிறது.
தாளில் அது
நேற்று அவித்த கீரை.

கணினி எனக்கு முதலிலேயே சொன்னது.
நிறத்துக்குப் பக்கத்தில் சின்னதாய் ஒரு முக்கோணம்,
உள்ளே ஓர் ஆச்சரியக்குறி.
இந்தப் பச்சை மையில் இல்லை என்று அர்த்தம்.
பார்த்துவிட்டுத்தான் அடித்தேன்.
எல்லோரும் அப்படித்தான் அடிக்கிறோம்.

எப்படிச் சொல்வது?
திரை, தானே எரிகிற விளக்கு.
அதன் பச்சை
புறப்பட்ட இடத்திலிருந்து நேரே கண்ணுக்கு வருகிறது,
இடையில் கங்காணி இல்லை.
தாளுக்குச் சொந்தமாக ஒரு பொறிகூடக் கிடையாது.
ஜன்னல் கொடுத்தால் உண்டு,
பல்ப் கொடுத்தால் உண்டு.
இன்று ஜன்னலில் மூட்டம் மட்டும்.

அவர் சட்டைப் பையில்
சம்பளத் துண்டு மடிந்து தெரிந்தது.
கேட்டேன். தயங்கித் தந்தார்.

'அண்ணன், மேலே இருக்கே முழுத் தொகை,
அதுதான் தாளில விழுற வெள்ளை வெளிச்சம்.
வான்நீல மை அதுல சிவப்பைப் பிடிச்சுக்கும்.
மஞ்சள் மை நீலத்தைப் பிடிச்சுக்கும்.
இங்க ஈ.பி.எஃப், இங்க சந்தா,
முற்பணம், தேயிலைத் தூள்...
பிடிச்சது போகக் கைக்கு வருதே கடைசி வரி,
அதுதான் இந்தப் பச்சை.'

கணக்கு அதோடு நின்றால் பரவாயில்லை.
மை அவ்வளவு யோக்கியம் இல்லை.
விட்டுவிட வேண்டிய பச்சையிலும்
கொஞ்சம் கிள்ளிக்கொள்ளும்,
மடுவத்துத் தராசில்
ஈரத்துக்கென்று இரண்டு கிலோ கழிப்பது போல.

துண்டை வாங்கி
புதிதாய்ப் படிப்பவர் போல வெகுநேரம் படித்தார்.
'அப்ப இது அரைப்பேர் பச்சை' என்றார்.
சிரித்தாரா தெரியவில்லை.

பிறகு கேட்டார்:
'சந்தா சங்கத்துக்குப் போகுது.
இதுல பிடிக்கிறது யாருக்குப் போகுது?'

ஆறு வருஷமாக இந்த நாற்காலி.
ஒருவரும் கேட்டதில்லை,
மெஷின் வாங்கிப்போட்ட நஸீர் நானாகூட.

'யாருக்கும் போகாது அண்ணன்.
மைக்குள்ளேயே சூடாயிரும்.
ஒரு விரலைக்கூடக் காய வைக்காத சூடு.'

மெஜந்தாவைத் துடைத்தெடுத்து
மஞ்சளைக் கூட்டி, கறுப்பைக் குறைத்து
இன்னொன்று அடித்தேன்.
கீரை, மாங்காய் வரைக்கும் வந்தது.
கிளி வரவில்லை.

மெஷின் தள்ளிய தாளை
இரண்டு உள்ளங்கையாலும் வாங்கினார்.
கவ்வாத்துக் கத்தி கிழித்த பழைய கோடு
பெருவிரலிலிருந்து மணிக்கட்டு வரை.
நிறத்தைப் பார்க்கவில்லை.
தாளைக் கன்னத்தில் வைத்துக்கொண்டார்.

'சூடாத்தான் இருக்கு, தங்கச்சி.'

அது மெஷினின் சூடு.
நான் சொல்லவில்லை.
எத்தனை என்ற கட்டத்தில்
இருநூறு என்று தட்டினேன்.