மிஞ்சிய உப்பு

வெள்ளி நைட்ரேட் ஒன்று புள்ளி ஏழு கிராம்.
உப்பு ஒன்று புள்ளி ஒன்று ஏழு.
"உப்புதான் முதலில் தீரும்,
எடையைப் பார்" என்றான் மார்செல்,
எண்ணெய் ஆலையிலிருந்து நேரே
இரவு வகுப்புக்கு வந்தவன்.
சார்னியாவில், ஜனவரியில்,
உப்பு தீருமாம்!

எடையை விடு, தலையை எண்ணு என்றேன்.
வெள்ளி, நூறில் ஒரு மோல்.
உப்பு, அதற்கு இருமடங்கு.
கனத்தவன்தான் சீக்கிரம் காலி.

ஊற்றினோம்.
தயிர் போல் வெண்மையாய் வீழ்படிவு.
வடிநீரில் ஒரு சொட்டு உப்புநீர் விட்டேன்: சலனமில்லை.
ஒரு சொட்டு வெள்ளி விட்டேன்,
பால்போல் கலங்கியது.
காத்துக் கிடந்திருக்கிறது உப்பு.

வரவேண்டியது ஒன்று புள்ளி நான்கு மூன்று.
காய்ந்து தராசுக்கு வந்தது
ஒன்று புள்ளி இரண்டு ஒன்பது.
விளைச்சல் தொண்ணூறு சதவீதம்.
(நெல்லுக்கும் இதே சொல்.
நெல்லில் யார் கேட்டார்கள் சதவீதம்?)
மீதிப் பத்து
வடிதாளில், கண்ணாடிக் கோலில்.
மார்செலின் தும்மலை
அறிக்கையில் சேர்க்கவில்லை.

கடைசிப் பேருந்து வரவில்லை.
நிறுத்தத்தில் மூன்று பேர்.
மார்செலின் வண்டியில் ஒரே இருக்கை;
மற்றதெல்லாம் கருவிப்பெட்டி.
கண்ணாடியை இறக்கிச் சிரித்தான்:
"இப்போ எது முதலில் தீரும்?"

கையுறை இல்லாத பையனை ஏற்றிவிட்டோம்.
நானும் ஒரு நர்ஸம்மாவும் மிஞ்சினோம்.
உப்பு லாரி ஒன்று
எங்கள் பூட்ஸ் மேல் இறைத்துவிட்டுப் போனது.
விளக்கடியில் பார்த்தேன்:
ஆள்காட்டி விரலில் கறுப்பாய்
கணக்கில் வராத வெள்ளி.